சபை யாருடைய வீடு? வரவேற்கும் திருச்சபை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்துச் சபைக் குழுக் கூட்டங்களிலும், பெண்கள் ஐக்கிய சங்கத்திலும், ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் நின்று பேசும்போதும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. லுத்தரன் சபை ஒன்றில் நெடுநாள் பொறுப்பு வகித்தவரின் பார்வையில் பதில்கள் எழுதப்பட்டிருப்பதால் சொற்கள் பெரும்பாலும் அந்த மரபுக்குரியவை. கத்தோலிக்கப் பங்குகளில் இருப்பவர்களும் பெந்தெகொஸ்தே சபையாரும் தங்கள் வழக்கிற்கேற்ப மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

எங்கள் சபையில் வாசலில் நின்று எல்லோருக்கும் ஸ்தோத்திரம் சொல்கிறோம். அது போதாதா?

அது வேண்டும், ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. வீட்டுக்கு வந்த விருந்தாளியை நாற்காலி போட்டு உட்காரவைக்கிறோம், காபி கொடுக்கிறோம், தெருமுனைவரை வந்து வழியனுப்புகிறோம். வீட்டுப் பிள்ளையோ நேராக அடுப்படிக்குப் போய்ப் பானையைத் திறந்து பார்க்கிறது, உப்பு குறைந்தால் முகத்துக்கு நேரே சொல்கிறது, சொன்ன கையோடு கடைக்கும் ஓடுகிறது. ஒருவரை மிகுந்த மரியாதையோடு பல வருடங்கள் விருந்தாளியாகவே வைத்திருக்க முடியும். நம் சபைகள் பலவற்றில் அதுதான் நடக்கிறது.

யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை, பொன்மோதிரம் போட்டவருக்கு நல்ல இடமும் கந்தை உடுத்தவருக்குப் பாதபடியண்டை இடமும் கொடுக்கும் ஒரு கூட்டத்தைக் காட்டித் தொடங்குகிறார். கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்று அவர் சொல்வதும் அதே அதிகாரத்தில்தான். நாம் முன்பாதியை ஏழைகளைப் பற்றிய பிரசங்கத்துக்கும் பின்பாதியை விசுவாசத்தைப் பற்றிய பிரசங்கத்துக்கும் என்று பங்கு பிரித்துவிட்டோம். அவருக்கு இரண்டும் ஒரே பேச்சு. யாரை எங்கே உட்காரவைக்கிறோம் என்பதிலிருந்துதான் அவர் விசுவாசத்தைச் சோதிக்கத் தொடங்குகிறார்.

புதிதாக வந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, கைதட்டி அறிமுகப்படுத்தலாமா?

வந்தவர் விரும்பினால் செய்யலாம். முதலில் அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். கணவன் குடித்துவிட்டு அடித்ததால் தாய்வீட்டுக்கு வந்திருக்கும் பெண், வேலை போனதை இன்னும் யாரிடமும் சொல்லாத ஆண், வேறு மதக் குடும்பத்திலிருந்து வீட்டுக்குத் தெரியாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் கல்லூரி மாணவி ஆகியோரை ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி எழுப்புவது வரவேற்பு ஆகாது. அவர்கள் அடுத்த ஞாயிறு வரமாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, எண்ணைக் காட்டி, கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பது இதைவிடப் பெரிய காரியம்.

வந்தவரிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது?

"எந்த ஊர்?" என்று தொடங்குகிறோம். அடுத்து "அந்த ஊரில் எந்தப் பக்கம்?" என்கிறோம். அதற்கடுத்து "அப்பா பேர் என்ன? அங்கே நம்ம வாத்தியார் குடும்பம் இருக்கே, உங்களுக்கு என்ன முறை?" என்று வந்து நிற்கிறோம். சாதி என்ற சொல்லை உச்சரிக்காமலேயே மூன்று கேள்விகளில் சாதியைத் தெரிந்துகொண்டுவிடுகிறோம். கேட்கப்பட்டவருக்கும் அது தெரியும். அவர் அந்தத் தெருக்களில் வளர்ந்தவர்தானே. நல்ல எண்ணத்தோடுதான் கேட்டோம் என்று நாம் சொல்லலாம், பல வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பதில் வந்தபின் நம் குரல் ஒரு படி ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அவர் கவனித்துக்கொண்டிருக்கிறார்.

பஸ் சரியாகக் கிடைத்ததா, பிள்ளைகள் எந்த வகுப்பு, உடம்புக்கு எப்படியிருக்கிறது, வீட்டுக்கு வந்து ஜெபிக்கலாமா என்பவை முதல் சில வாரங்களுக்குப் போதுமான கேள்விகள். மற்றவை பழக்கத்தில் தாமே தெரியவரும்; தெரியாமலே போனாலும் நட்டமில்லை.

கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே, அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்?

வேதத்தில் இல்லை. கோயிலில் இருந்தது; பல இடங்களில் இருக்கிறது. நம் வட்டாரத்தின் சபை வரலாற்றையே இந்தக் கேள்வி இல்லாமல் எழுத முடியாது.

புதுச்சேரியின் கத்தோலிக்கப் பேராலயமான சம்பா கோயிலின் இன்றைய கட்டடம் 1791-இல் முடிந்தது. அதற்கு முன்பிருந்த கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களைத் தனியே பிரிக்க ஒரு சுவர் இருந்ததையும், 1745-இல் அவர்கள் திரண்டுபோய் மூத்த குருவிடம் முறையிட்டதையும், அதன் பேரில் சுவர் அகற்றப்பட்டதையும், மற்றவர்கள் அதற்காகச் சண்டைக்கு வந்ததையும் அன்று புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அவர் கிறிஸ்தவர் அல்லர், வெளியிலிருந்து பார்த்தவர். ஊர் நம்மை எதை வைத்துப் பார்க்கிறது என்பதற்கு அந்தப் பக்கங்கள் சாட்சி.

அடுத்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. சபைக்குள் சாதிப் பழக்கங்களைப் பொறுத்துக்கொள்ளும் போக்கை ஏற்க முடியாமல், ஜெர்மனியின் லுத்தரன் ஊழிய அமைப்பான லைப்சிக் மிஷனைவிட்டு விலகிய கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியர், 1860-களின் தொடக்கத்தில் கடலூருக்கு மேற்கே மேல்பட்டாம்பாக்கத்தில் ஊழியம் தொடங்கினார். சில ஆண்டுகளில் டென்மார்க்கின் மிஷன் சங்கம் அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டு இன்று இயங்கும் ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த வேரிலிருந்து வந்தது. சாதியோடு சமரசம் செய்ய மாட்டேன் என்று ஒருவர் வெளியேறியதால் பிறந்த திருச்சபையில், இன்னார் வீட்டில் காபி குடிப்பதில்லை என்ற வழக்கம் ஒரு குடும்பத்தில் இருந்தாலும் அது நம் பிறப்புச் சான்றிதழைக் கிழிப்பதற்குச் சமம்.

பழங்கதை என்று ஒதுக்க முடியாதபடி 2008 மார்ச் மாதத்தில், உளுந்தூர்பேட்டைக்கு அருகிலுள்ள எறையூரில், தலித் கத்தோலிக்கரின் சமத்துவக் கோரிக்கையையொட்டி மூண்ட மோதலும், அதில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்ததும் நம் கண்முன் நடந்தவை. அது புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு உட்பட்ட ஊர் என்று சொல்லி நம்மில் யாரும் கைகழுவ வேண்டியதில்லை. அதே மனிதர்கள்தான் எல்லாச் சபைகளிலும் இருக்கிறோம்.

அப்படியானால் ஒரு சபை நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்?

வீட்டு ஜெபக்கூட்டத்திலிருந்து தொடங்கலாம். சென்ற வருடக் கூட்டங்கள் எந்தெந்த வீடுகளில் நடந்தன என்ற குறிப்பேட்டை எடுத்துப் பாருங்கள். கடலூர் நகரத்து மஞ்சக்குப்பத்துக் காங்கிரீட் வீடுகளிலேயே சுற்றிச் சுற்றி நடந்திருந்தால், காலனியில் இருக்கும் சபையார் வீட்டில் ஒருமுறைகூட நடக்கவில்லையென்றால், காரணத்தை வெளியே தேட வேண்டியதில்லை. அங்கே கூட்டம் வைத்தபின்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜெபம் முடிந்து அந்த வீட்டம்மா எவர்சில்வர் தட்டில் டம்ளர்களை வரிசையாக வைத்துக்கொண்டு வருகிறார். "வேணாம்மா, இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்" என்று ஒருவர் சொல்கிறார். "எனக்கு சுகர்" என்கிறார் இன்னொருவர். சர்க்கரை இல்லாமல் போட்டுத் தருகிறேன் என்று அவர் சொல்லும்போது, "பரவாயில்லைம்மா, நேரமாச்சு" என்று எழுந்துகொள்கிறார்கள். அந்தத் தட்டு நிரம்பியபடியே அடுப்படிக்குத் திரும்பிப் போனால், அன்று வாசிக்கப்பட்ட வேதபாடம் எதுவாக இருந்தாலும் அந்த வீட்டுப் பிள்ளைகள் கற்றுக்கொண்டது வேறு பாடம். போதகரும் சபைக் குழுவினரும் முதலில் கைநீட்டி டம்ளரை எடுத்துக் குடிக்க வேண்டும்.

கல்லறைத் தோட்டத்தில் தனித்தனிப் பகுதிகள் இருந்தால், இனிமேல் இறப்பவர்களை வரிசைப்படி அடக்கம் செய்வது என்று தீர்மானம் எழுதுங்கள். சாதி கடந்த திருமணத்துக்கு ஓலை, அதாவது கோயிலில் திருமண அறிவிப்பு, வாசிக்கப்படும்போது சபைக் குழுவினர் அந்தத் திருமணத்துக்குக் குடும்பத்தோடு போங்கள். பெண்வீட்டார் வராத திருமணத்தில் முன்வரிசை காலியாக இருக்கும். அதில் சபை உட்கார வேண்டும்.

"இது எங்கள் பெஞ்சு" என்று சொல்பவர்களை என்ன செய்வது?

தாத்தா காணிக்கையாகக் கொடுத்த பெஞ்சாக இருக்கலாம், பெயரும் பொறித்திருக்கலாம். கொடுத்தது சபைக்குத்தானே. வயதானவர்களுக்கு மின்விசிறியும் சுவர்ச் சாய்வும் தேவைப்படும் இடங்களை மட்டும் ஒதுக்கிவிட்டு, மற்ற இடங்கள் முதலில் வருபவர்களுக்கு என்று போதகர் ஒருமுறை அறிவித்துவிட்டால் போதும். இதற்காகக் குழுக் கூட்டம் போட்டு இரண்டு மணி நேரம் பேசத் தேவையில்லை.

புதியவர்களுக்குப் பொறுப்பு எப்போது கொடுக்கலாம்?

நாம் வழக்கமாகச் செய்வதைவிட வெகு சீக்கிரம்.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் ஆதித் திருச்சபையின் முதல் உட்பூசல் பதிவாகியிருக்கிறது. அன்றாட விசாரணையில், அதாவது தினப்படி உணவுப் பங்கீட்டில், தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்கு மொழி பேசினவர்கள் முறுமுறுத்தார்கள். கவனியுங்கள், பிரச்சினை சோற்றைப் பற்றியது, மொழி வேறுபாட்டைப் பற்றியது, உபதேசத்தைப் பற்றியதன்று. அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களை அடக்கவில்லை, விசாரணைக் குழு போட்டு ஆறு மாதம் இழுக்கவும் இல்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்ற ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். கடைசியாகச் சொல்லப்பட்ட நிக்கொலா பிறப்பால் யூதரும் அல்லர். குறை சொன்ன பக்கத்தாரின் கையிலேயே அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள்.

நம் வழக்கம் வேறு. புதியவர் ஒருவர் ஒலிபெருக்கி சரியாகக் கேட்கவில்லை என்றால், "இவர் வந்து ஆறு மாசம்கூட ஆகலை, அதுக்குள்ள குறை" என்கிறோம். அந்த ஒலிபெருக்கிப் பொறுப்பை அவரிடம் கொடுத்துப் பாருங்கள். திருவிருந்துப் பாத்திரங்களைக் கழுவுவது, ஓய்வுநாள் பள்ளியில் வருகைப் பதிவு எடுப்பது, கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட ஏணி பிடிப்பது, வேதபாடம் வாசிப்பது ஆகியவற்றுக்கெல்லாம் பரம்பரை தேவையில்லை. பணம், பிள்ளைகள், சாவி ஆகிய மூன்றிலும் மட்டும் பொறுமை வேண்டும். அந்த விதி பழையவர்களுக்கும் சேர்த்தே பொருந்தும்.

குழுத் தேர்தலில் ஒரே இரண்டு மூன்று குடும்பங்களே மாறி மாறி வருவதைப் பற்றி இங்கே விரிவாக எழுதவில்லை. எழுதினால் இந்தப் பக்கம் முழுவதும் அதற்கே போய்விடும்.

சந்தா கட்டாதவர்களையும் சபையாராகக் கருத வேண்டுமா?

வேண்டும். சந்தா சபையின் செலவுக்காக ஏற்பட்டது. அங்கத்துவம் ஞானஸ்நானத்தால் வருகிறது. வாக்குரிமைக்குச் சந்தா நிபந்தனையாக விதிமுறையில் இருந்தால் அதைத் தேர்தலோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் சில இடங்களில் சந்தா நிலுவைக் கணக்கு எப்போது எடுக்கப்படுகிறது தெரியுமா? வீட்டில் பிணம் கிடக்கும்போது. கல்லறைக்கு இடம் கேட்டு வரும் மகனிடம், நிலுவையைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு வா என்று சொல்லப்படுகிறது. அவன் நகைக்கடையில் எதையோ வைத்துப் பணம் கட்டுவான். அடக்கமும் முறைப்படி நடக்கும். அந்தக் குடும்பம் அதன்பின் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் நிலுவை தடையாகாது என்று தீர்மானமாகவே எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவது நல்லது. கொடுக்க முடிந்தும் கொடுக்காதவர்கள் இதைத் தவறாகப் பயன்படுத்துவார்கள்தான். அந்த நட்டத்தைச் சபை தாங்கும்.

இதே கணக்கில் அறுப்பின் பண்டிகை ஏலத்தையும் சொல்ல வேண்டும். ஏலத்தின் கலகலப்பு எனக்கும் பிடிக்கும். பண்ருட்டிப் பலாப்பழத்தைச் சுற்றி நடக்கும் போட்டியைப் பார்க்க வெளியூரிலிருந்துகூட ஆள் வரும். ஆனால் ஒரு மூதாட்டி முந்தானையில் முடிந்து கொண்டுவந்த நாலு முருங்கைக்காயும் மேசையில் இருக்கிறது. அதையும் அதே குரலில், கொண்டுவந்தவர் பெயரோடு ஏலம் விட வேண்டும். "மிச்சத்தையெல்லாம் ஒண்ணா வாரிப் போடு" என்று முடித்துவிடக் கூடாது.

புயல், வெள்ளக் காலத்தில் சபை என்ன செய்யலாம்?

நம் கடற்கரைக்கு இந்தக் கேள்வி ஆண்டுதோறும் வருகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தையும் சிங்காரத்தோப்பையும் தாக்கியது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015-இல் பெருமழையும் வெள்ளமும் வந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையாற்றின் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. எனவே சபைக்கு இதில் முன்யோசனை வேண்டும். தண்ணீர் வந்தபிறகு கூட்டம் போடுவதில் பயனில்லை.

சாவி யாரிடம் இருக்கும்? போதகர் சினாடுக்கு (திருச்சபைப் பேரவைக் கூட்டத்துக்கு) போயிருந்தால் யார் திறப்பார்கள்? கூடத்தில் கழிப்பறை எத்தனை, பெண்களுக்குத் தனியே உண்டா? பெரிய அண்டாவும் கேஸ் அடுப்பும் உள்ளனவா? மேல்தளத்துக்குப் போகும் படி எங்கே? இவற்றையெல்லாம் ஐப்பசிக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். ரொட்டிப் பொட்டலம் எல்லோரும் கொண்டுவருவார்கள், மூன்றாம் நாள் அது பூசணம் பிடித்துக் கிடக்கும். உலர்ந்த உடைகள், பாய், அணையாடை, மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி, பிள்ளைகளுக்குப் பால்மாவு ஆகியவைதான் கிடைக்காது.

தண்ணீர் வடிந்தபின் தேவைப்படும் வேலைக்குப் பெரும்பாலும் யாரும் வருவதில்லை. வீட்டுக்குள் முழங்கால் சேறு இருக்கும். குடும்ப அட்டை, ஆதார், பட்டா, பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ் எல்லாம் ஊறிப்போயிருக்கும். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் வருவாய்த்துறையில் எழுத்தராயிருந்தவர்களும் எந்தச் சபையில் இல்லை? அவர்கள் இரண்டு மேசைகளைப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, எந்த அலுவலகத்தில் எந்தச் சன்னல் என்று சொல்லி அனுப்பினால், அது நூறு பொட்டலத்துக்கு மேல். வாலிபர் சங்கத்தார் மண்வெட்டியோடு போகட்டும். பிளீச்சிங் பவுடரும் கொண்டுபோகட்டும்.

உதவி செய்தால் மதம் மாற்றுகிறார்கள் என்று சொல்வார்களே?

அப்படிச் சொல்ல இடம் கொடுக்காமல் உதவ வேண்டும். செஞ்சிலுவைச் சங்கங்களும் நிவாரண அமைப்புகளும் 1994-இல் வகுத்துக்கொண்ட நடத்தை நெறியில், உதவியை எந்தச் சமய, அரசியல் கருத்தைப் பரப்பவும் பயன்படுத்தக் கூடாது என்று இருக்கிறது. கிறிஸ்தவ உதவி நிறுவனங்கள் பலவும் அதில் கையெழுத்திட்டவை. அரிசிப் பையோடு துண்டுப் பிரசுரம் வைக்காதீர்கள். வரிசையில் நிற்பவரிடம் ஜெபிக்கலாமா என்று கேட்காதீர்கள். பசியோடு நிற்பவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. பொருளை வாங்குகிறவரை நிறுத்திப் படம் எடுப்பதையும் பேனர் கட்டுவதையும் அடியோடு விட்டுவிடலாம். தெருவை வார்டு உறுப்பினரோடும் கோயில் தர்மகர்த்தாவோடும் ஜமாத்தாரோடும் சேர்ந்து கணக்கெடுத்தால் விடுபட்ட வீடும் தெரியும், வீண்பேச்சும் குறையும்.

சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் வடமாநிலத்தவர்கள் நம் ஆராதனைக்கு வந்தால்?

அவர்களில் சிலர் நமக்கு மிக நெருங்கிய உறவினர்களாக இருக்கக்கூடும் என்பதை நம் சபையார் பலர் அறியார். ஜார்க்கண்டில் ராஞ்சியைத் தலைமையிடமாகக் கொண்ட கோஸ்னர் லுத்தரன் திருச்சபையும், ஒடிசாவில் ஜெய்ப்பூர் லுத்தரன் திருச்சபையும் ஆதிவாசி, தலித் மக்கள் நிறைந்த பழைய திருச்சபைகள். இந்தியாவின் ஐக்கிய சுவிசேஷ லுத்தரன் திருச்சபைகள் அமைப்பில் அவையும் நாமும் ஒன்றாக உறுப்பினர்கள். சிப்காட் பகுதியான குடிகாட்டில் மூட்டை தூக்கும் இளைஞன் நான்கு தலைமுறை லுத்தரனாக இருக்கலாம். அவனை "இந்திக்காரப் பையன்" என்று கடைசி வரிசையில் உட்காரவைத்துவிட்டு, அவன் ஞானஸ்நானம் பெற்றவனா என்று நாம் தமிழில் நமக்குள் விவாதித்துக்கொண்டிருப்போம்.

வேதபாடத்தை இந்தியிலோ ஒடியாவிலோ ஒருமுறை அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். பரமண்டல ஜெபத்தை அவரவர் மொழியில் ஒரே நேரத்தில் சொல்லலாம். சத்தம் குழம்பும், குழம்பட்டும். அதைவிட முக்கியமானது, அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அரசு மருத்துவமனைக்குக் கூடப்போய்ச் சீட்டு வாங்கி, மருத்துவரிடம் தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். தீபாவளி முடிந்து ஊர் திரும்பாமல் தங்கியிருப்பவர்களுக்குக் கிறிஸ்துமஸ் அன்று மதியச் சாப்பாட்டுக்குப் போக ஒரு வீடு வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்காகச் சாய்தளம் கட்டுவது கட்டாயமா? எங்கள் கோயில் படி உயரமானது.

சட்டத்தை எண்ணிக் கட்டுவதைவிட, இப்போது யாரெல்லாம் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்று எண்ணிக் கட்டுவது நல்லது. பொது அளவு 1-க்கு 12. படி இரண்டு அடி உயரமானால் சாய்தளம் 24 அடி நீளம் வேண்டும். நம் பழைய கோயில்கள் உயரமான அடித்தளத்தில் நிற்பதால் முன்வாசலில் இடம் போதாமல், பக்கவாட்டில் ஒருமுறை வளைத்துக் கட்ட வேண்டியிருக்கும். செங்குத்தாக எட்டு அடியில் முடித்துவிட்டால் சக்கர நாற்காலி பின்னோக்கி உருளும். அந்தச் சாய்தளத்தில் பிறகு இருசக்கர வாகனங்கள் மட்டுமே ஏறும். மண்டியிட முடியாதவர்களுக்குத் திருவிருந்தை இருக்கைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள், அதை எல்லோருக்கும் தெரியும்படி அறிவித்துவிட்டால் கேட்கக் கூச்சப்பட வேண்டியிருக்காது.

பிள்ளைகளின் பாதுகாப்பு இதில் எங்கே வருகிறது?

பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லாத இடத்தை வீடு என்று சொல்லக் கூடாது. ஓய்வுநாள் பள்ளியிலும் விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், தனியே வண்டியில் ஏற்றிச் செல்லக் கூடாது. பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. தெரிந்தும் மறைப்பது தண்டனைக்குரியது. 1098 என்ற சிறார் உதவி எண்ணை ஓய்வுநாள் பள்ளிச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள். சபையின் மானம் போய்விடும், நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம் என்று சொல்லும் குழுவினர் குற்றவாளிக்குத் துணை நிற்கிறார்கள்.

விதவைகள், கணவனைப் பிரிந்தவர்கள், குடியிலிருந்து மீள முயல்பவர்கள் ஆகியோரைப் பற்றி?

நிச்சயதார்த்தத் தட்டை மாற்றும்போது மணமகளின் தாய் விதவையாக இருந்தால், "நீங்க தள்ளி நில்லுங்க, அத்தை எடுக்கட்டும்" என்று இன்றும் நம் வீடுகளில் சொல்கிறார்கள். ஜெபம் செய்ய வந்திருக்கும் போதகர் அந்த இடத்திலேயே, "அம்மாவே எடுத்துக் கொடுக்கட்டும்" என்று சொன்னால் முடிந்தது. சொல்லாமல் ஜெபித்துவிட்டு வந்தால் அவரும் அந்த வழக்கத்தை ஆசீர்வதித்ததாக ஆகும்.

புதுச்சேரியில் மதுவின் விலை குறைவு என்பதால் எல்லையின் இரு பக்கத்துக் குடும்பங்களும் படும் பாடு நமக்குத் தெரியும். குடியை விட்டுக்கொண்டிருப்பவருக்குச் சாட்சி சொல்லும் மேடையைவிட, மாலை ஆறு மணிக்குக் கூட உட்கார ஒரு துணை தேவை. சபைக் கூடத்தை வாரத்தில் ஒரு மாலை மதுவை விட்டவர்களின் கூட்டத்துக்கு வாடகையின்றிக் கொடுக்கலாம். மறுபடி குடித்துவிட்டு வந்து நிற்பவரை மறுபடி சேர்த்துக்கொள்ளத் தயாரில்லாத சபை இதில் இறங்காமலிருப்பதே நேர்மை.

இதற்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது?

மேலே சொன்னவற்றில் பாதிக்குப் பணமே வேண்டாம். மீதிக்கு நம் பாட்டிமார்கள் வழி காட்டியிருக்கிறார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் எடுத்துவைத்து ஞாயிறன்று கொண்டுவந்து கொட்டும் பிடி அரிசிக் காணிக்கையால்தான் பல கிராமச் சபைகள் உபதேசியாருக்குச் சோறு போட்டன. வெளிநாட்டுப் பணத்துக்கு 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவும் தனிக் கணக்கும் வேண்டும். அந்தப் பணம் வந்தால்தான் ஊழியம் என்று காத்திருந்து பழகிவிட்டது நம் பெரிய பலவீனம். இரக்க நிதி என்று ஒரு கணக்கைத் தனியாகத் தொடங்கி, வரவு செலவை மாதம் ஒருமுறை வாசியுங்கள். பெற்றவர் பெயரை மட்டும் வாசிக்காதீர்கள்.

பழைய உறுப்பினர்கள் எதிர்த்தால்?

எதிர்ப்பார்கள். அவர்களில் பலர் மோசமானவர்கள் அல்லர். அந்தக் கோயிலுக்குச் செங்கல் சுமந்தவர்கள், அது கைவிட்டுப் போகிறதோ என்று அஞ்சுகிறார்கள். அவர்களிடம் தனியே போய்ப் பேசி, கட்டடம் கட்டிய கதையைப் புதியவர்களுக்குச் சொல்லும் வேலையை அவர்களுக்கே கொடுக்கலாம். சாதியின் பேரால் எதிர்ப்பவர்கள் வேறு. அவர்களோடு பேசலாம், ஜெபிக்கலாம். ஆனால் அவர்கள் போய்விடுவார்கள் என்று பயந்து தீர்மானத்தைத் திரும்பப் பெறக் கூடாது. இப்படிச் சிலர் போனதால் காணிக்கை குறைந்த சபைகள் உண்டு.

எங்கள் சபை சிறியது. எதிலிருந்து தொடங்குவது?

சாவு வீட்டிலிருந்து. சொந்தபந்தம் இல்லாமல் ஊருக்கு வந்து குடியேறியவர்கள் தனிமையை உணரும் முதல் இரவு அதுதான். ஆறு பேர் கொண்ட குழு போதும். அதில் இரண்டு பேராவது பெண்களாகவும், ஒருவராவது புதியவராகவும் இருக்கட்டும். மருத்துவமனையில் உடலைப் பெறுவது, இறப்புச் சான்றிதழுக்கு எழுதுவது, சாமியானா, நாற்காலி, ஐஸ் பெட்டி, குழி வெட்டுபவர், முதல் நாள் இரவுக்குக் கஞ்சி, மறுநாள் காலைக்கு இட்லி ஆகியவை அவர்கள் பொறுப்பு. சந்தாக் கணக்கையோ ஊரையோ தெருவையோ விசாரிக்காமல் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். சாமியானா கடைக்காரரின் எண்ணையும் ஆம்புலன்ஸ் எண்ணையும் ஆறு பேரும் தொலைபேசியில் பதிந்துவைத்திருக்கட்டும். இரவு பத்து மணிக்கு மேல் அழைப்பு வந்தால் யார் எடுப்பது என்பதை முதல் கூட்டத்திலேயே வாரமுறை போட்டு எழுதிவிடுங்கள்.